வளைந்து கூடிய எலும்பு தானே நிமிர்ந்த அனுபவம் உங்களுக்கு உண்டா?

என் மகனுக்கு எட்டு வயதில், ஊஞ்சலிலிருந்து விழுந்து மணிக்கட்டுக்குச் சற்று மேலே முன்கை எலும்பு முறிந்தது. மாவுக்கட்டு போட்டு, அடுத்த முறை எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு லேசாக வளைந்தே நின்றது. மறுபடி இழுத்து நேராக்குவார்கள் என்று நினைத்தால், மருத்துவர் "இப்படியே விட்டுவிடலாம்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அவர் படத்தை விளக்குப் பலகையில் மாட்டி, எலும்பின் நுனியருகே ஓடிய கறுப்புக் கோட்டைத் தொட்டுக் காட்டினார். நான் அதை இன்னொரு முறிவு என்றே எண்ணியிருந்தேன். அது வளர்தட்டாம்; எலும்பு நீளமாக வளரும் குருத்தெலும்புப் பட்டை. குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் தெரியாததால் கறுப்பாக விழுகிறது. ஆர எலும்பின் (முன்கையில் கட்டைவிரல் பக்கம் உள்ள எலும்பு) நீள வளர்ச்சியில் ஏறத்தாழ முக்கால் பங்கு அந்தக் கோட்டில்தான் நடக்கிறதாம். முறிவு அதற்குப் பக்கத்தில். பையன் வளர இன்னும் பல ஆண்டுகள். வளைவும் மணிக்கட்டு மடங்கி நிமிரும் திசையில். மூன்றும் சாதகம் என்றார். "முறுக்கிக்கொண்டு கூடியிருந்தால் விட்டிருக்க மாட்டேன், முறுக்கு தானாகச் சரியாகாது" என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

கட்டைப் பிரித்தபோது அந்த இடத்தில் ஒரு புடைப்பு. அடுத்த ஆண்டு எடுத்த படத்தில் வளைவின் உட்பக்கம் புது எலும்பு நிரம்பி, வெளிப்பக்கம் கரைந்திருந்தது. எங்கே முறிந்தது என்று தேடித்தான் காண வேண்டியிருந்தது. மற்றவர்களின் அனுபவத்தையும் எழுதுங்கள்.

எக்ஸ்ரே பிரிவில் பணிபுரியும் உறுப்பினர்:

அம்மா, அந்தக் கறுப்புக் கோட்டைப் பார்த்து "விரிசலா?" என்று கேட்காத பெற்றோர் குறைவு. சில நேரம் எங்களுக்கே ஐயம் வரும். அப்போது அடிபடாத கையையும் படமெடுத்து ஒப்பிடுவார்கள். மணிக்கட்டின் 8 சிறு எலும்புகளில் ஒன்றுகூடப் பிறந்த குழந்தையின் படத்தில் பொதுவாகத் தெரியாது. எல்லாம் குருத்தெலும்பாகவே இருக்கும். பின்னர் ஒவ்வொன்றாக வெள்ளைப் புள்ளியாக முளைக்கும். பட்டாணி எலும்பு கடைசியில்தான் வரும். இதைப் பார்த்தே எலும்பு வயதைக் கணிக்கிறார்கள். ஒரே வயதுச் சிறுமியின் கை சிறுவனுடையதைவிட முதிர்ந்து தெரிவது வழக்கம். சிறுமிகளுக்கு வளர்தட்டு எலும்பாகி மூடுவதும் முன்னதாகவே. மூடிவிட்டால் எந்த மருந்தும் உயரத்தைக் கூட்டாது. "உயரம் வளர்க்கும்" பொடி விளம்பரங்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வருகிறது.

உடற்கூற்றியல் பயிலும் உறுப்பினர்:

நான் பார்த்தது உயிருள்ளவரின் எலும்பை அல்ல. நெடுக்காக அறுத்த தொடை எலும்பின் மேல்பாதியை வகுப்பில் கையில் கொடுத்தார்கள். தண்டுப் பகுதியில் தடித்த சுவரும் நடுவில் வெற்றுக் குழலும் இருந்தன. தலைப்பகுதிக்குள்ளோ மெல்லிய தகடுகளாலான வலை. வெளிச்சத்தில் சாய்த்தால், பந்துபோன்ற தலையிலிருந்து ஒரு கற்றை விசிறியாக இறங்கி உட்பக்கச் சுவரில் சேர்வதும், வெளிப்புறத்திலிருந்து இன்னொரு கற்றை வளைந்து வந்து அதைக் குறுக்கிடுவதும் தெரிந்தன. உடலின் எடை இறங்கும் வழியே முதல் கற்றை. 1866இல் சூரிச்சில் உடற்கூற்றியலாளர் மேயர் இந்தக் கோடுகளைக் காட்டியபோது, பொறியாளர் குல்மான் அவை பாரம் தாங்கும் வளைந்த கட்டமைப்பில் விசை செல்லும் பாதைகளை ஒத்திருப்பதைக் கவனித்தார். சுமைக்கு ஏற்ப எலும்பு தன்னைத் திருத்திக்கொள்கிறது என்று ஜெர்மன் அறுவை மருத்துவர் வுல்ஃப் 1892இல் நூலாகவே எழுதினார். உங்கள் மகனின் கையில் நடந்ததும் இந்த வகைத் திருத்தம்தான்; கூடவே வளர்தட்டும் சாய்வை ஈடுகட்டி வளர்ந்திருக்கும்.

எங்களிடம் இருந்தது முதியவர் ஒருவருடைய எலும்பு. பந்துபோன்ற தலைக்குச் சற்றுக் கீழே, எலும்பின் கழுத்துப் பகுதியில் ஒரு முக்கோண இடம் ஏறக்குறைய வெறுமையாக இருந்தது. வயதானவர்கள் விழுந்தால் ஏன் அந்தக் கழுத்துப் பகுதி அடிக்கடி முறிகிறது என்று அதன்பின் யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

கால் முறிந்து தேறிய உறுப்பினர்:

பெரியவர்கள் யாரும் இதைப் படித்துவிட்டு வளைந்த எலும்பு நிமிரும் என்று காத்திருக்க வேண்டாம். எனக்குக் கெண்டைக்கால் எலும்பு முறிந்தது நாற்பது வயதுக்குமேல். உலோகத் தகடும் திருகுகளும் வைத்துத்தான் நேராக்கினார்கள். காலை ஊன்றாமலே கிடந்ததில் பாத எலும்புகள் படத்தில் மங்கிப்போய், புகைபடிந்த கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதுபோல் தெரிந்தன. எடை ஏறாத எலும்பை உடல் கரைத்துவிடுகிறது. விண்வெளி வீரர்களுக்கு இடுப்பெலும்பின் அடர்த்தி மாதத்துக்கு ஏறத்தாழ 1 சதவீதம் இறங்குவதும் இதனால்தான் என்று மருத்துவர் சொன்னார். ஊன்றி நடக்க அனுமதித்தபிறகு மெல்ல மெல்ல வெண்மை திரும்பியது.

தகட்டை எடுத்த பிறகும் உடனே ஓட விடவில்லை. திருகு இருந்த துளைகள் நிரம்பும்வரை அந்த இடத்தில் மறுபடி முறிய வாய்ப்பு உண்டாம். தகடு எடுக்கப் போகிறவர்கள் இதை மட்டும் மறக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள்; எனக்கு வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில்தான் சொன்னார்கள்.