சம்பளம் கெசட்ல வருது, கிலோவை யாரு பேசுறது? கூட்டு ஒப்பந்தம் திரும்ப வேணுமா?

டிக்கோயா பொடியன்

நேத்து ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில ஆரம்பிச்ச சண்டை இது. தேயிலைத் தோட்டச் சம்பளத்தைச் சங்கங்களும் கம்பனிகளும் பேசி முடிவு பண்ணின கூட்டு ஒப்பந்தம் செத்தது நல்லதுதான்னு சொன்னேன். எங்க மாமா பாயாசம் வரும் முன்னமே இலையை மடிச்சிட்டு எழும்பிட்டார். அதனால இங்க கேக்குறேன்.

2021ல சம்பள நிர்ணய சபை 1,000 ரூபான்னு தீர்மானிச்சு, மார்ச்சுல வர்த்தமானியும் (கெசட்) வந்தது. கம்பனிகள் ஒப்பந்தத்தை விட்டு விலகிட்டாங்க. சரி, கணக்கைப் பாருங்க. ஒப்பந்தம் இருந்த காலத்துல 2013ல எல்லாம் சேர்த்து 620, 2016ல 730, 2019ல 750. ஆறு வருஷத்துல 130 ரூபா. ஒப்பந்தம் போன பிறகு 750ல இருந்து 1,000, 2024 செப்டெம்பர்ல 1,350. 2025 நவம்பர் பட்ஜெட்ல 1,550ன்னும், அதுக்கு மேல அரசாங்கம் 200 ரூபா வருகைக் கொடுப்பனவுன்னும் அறிவிச்சாங்க. சங்கமும் முதலாளிமார் சம்மேளனமும் ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா கொழும்புல உக்காந்து டீ குடிச்சதுக்கு நமக்கு என்ன கிடைச்சுது?

பழைய தலைவர்

தம்பி, 19 வருஷம் தோட்டத்துல சங்கத் தலைவரா இருந்தவன் நான். உங்க மாமா எழும்பிப் போனதுல தப்பில்ல.

620ஐயும் 1,350ஐயும் பக்கத்துல பக்கத்துல வச்சா போதாது, நடுவுல கோதுமை மாவையும் வைக்கணும். 2022ல டொலர் 200ல இருந்து 360க்குப் போன கதையை விட்டுட்டு சம்பளக் கணக்குப் பேசக்கூடாது.

அதை விடு. கெசட்ல என்ன இருக்கு? ஒரு நாளுக்கு இவ்வளவு ரூபான்னு இருக்கு. ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் சம்பளத்துக்கு, எத்தனை கிலோ கொழுந்துன்னு இருக்கா? எங்க தோட்டத்துல ஒரு துரை, தோட்ட மேலாளர், 16ஐ 18 ஆக்கப் பாத்தார். காலையில வேலை பிரிச்சுக் குடுக்கிற பெரட்டுக்களத்துல கூடைகளைக் கவுத்து வச்சிட்டு சனம் அப்படியே நின்னுச்சு. மூணு நாள். கடைசியில தொழில் அதிகாரி வந்தார், ஆபீஸ் வெராண்டாவுல பேசினோம். வெயில் காலத்துல 16, கொழுந்து பொங்குற காலத்துல 18ன்னு முடிஞ்சுது. அந்தப் பேச்சுக்கு எங்களை உக்கார வச்சது ஒப்பந்தம். இப்ப பெரட்டுப் பலகையில 20ன்னு எழுதிட்டுப் போயிடுறாங்க. யாரு போய்க் கேக்குறது?

கொழுந்துக்கூடை

நான் மலையில நிக்கிறவ, அதனால சுருக்கமா சொல்றேன்.

முந்தாநாள் மத்தியானக் கொழுந்து நிறுக்குறப்ப காலையோட சேர்த்து எனக்கு 21 கிலோ காட்டிச்சு. சாக்குக்கு ஒண்ணு, ஈரத்துக்கு ஒண்ணுன்னு கழிச்சாங்க. அன்னைக்கு மழையே இல்ல. 19. எங்களுக்கு 20 கேக்குறாங்க. அரைப்பேர் விழுந்துச்சு, அரை நாள் சம்பளம்தான். காலை ஏழரைக்கு ஏறி நாலரை வரைக்கும் நின்ன எனக்கு அரைப்பேர். நாளுக்கு இவ்வளவு ரூபான்னு பேப்பர்ல படிக்கிற டவுன் ஆளுங்களுக்கு இது தெரியாது.

தலைவரே, உங்களுக்கும் ஒண்ணு. ஒப்பந்தம் இருந்தப்பவும் இந்தத் தராசு இருந்துச்சு, இதே கழிவும் இருந்துச்சு. ஒரு தலைவர் வந்து தராசு முள்ளைப் பாத்ததா எனக்கு ஞாபகமில்ல. எங்க தோட்டத்துல கொழுந்து எடுக்கிறவங்க முக்கால்வாசி பொம்பளைங்க. கையெழுத்துப் போட்ட போட்டோவுல எத்தனை பொம்பளைங்க இருந்தாங்க?

கிளாக்கர்

ஆபீசுல 27 வருஷம் செக்ரோல், அதான் வேலையும் சம்பளமும் பதியிற புத்தகம், எழுதினவன். கம்பனிக்காரன்னு திட்டுவீங்க, திட்டுங்க.

நாட்டுத் தேயிலையில பெரும்பகுதி இப்ப சிறுதோட்டக்காரங்ககிட்ட இருந்துதான் வருது. அவங்க வீட்டு ஆளுங்களே எடுக்குறாங்க. கம்பனித் தோட்டத்துல இ.பி.எப். (சேமலாப நிதி), வீடு, மருந்து, பிள்ளைங்களைப் பாத்துக்கிற பிள்ளைக்காம்பரா எல்லாம் கணக்குல ஏறுது. கிலோ கூட்டாம நாள் சம்பளத்தை மட்டும் கூட்டினா மலையைக் காடா விட்டுட்டுப் போக வேண்டியதுதான். பாதி மலை ஏற்கனவே அப்படித்தான் கிடக்கு.

அப்புறம், ஒப்பந்தத்தைக் கொன்னது கம்பனி மட்டும்னு சொல்றதை நான் ஒத்துக்க மாட்டேன். ஒரு மேசையில சங்கத்தோட பேசி ஒரு தொகைக்குக் கையெழுத்து. அடுத்து எலெக்‌ஷன் வருது, மேடையில வேற தொகை. 2024 மே தினத்துல கொட்டகலை மேடையில 1,700ன்னு சொன்னாங்க. கோர்ட்டுக்குப் போய் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டுது, திரும்ப சம்பள நிர்ணய சபை கூடி 1,350ல நின்னுச்சு. பேசி முடிச்சதை மேடையில மாத்துவாங்கன்னா எந்த முதலாளி பேச வருவான்?

டிக்கோயா பொடியன்

கிளாக்கர் ஐயா, காடா கிடக்கிற மலைக்குக் காரணம் சம்பளமா? 1992ல கம்பனிகள்கிட்ட நிர்வாகம் போனதுல இருந்து மறுநடுகைக்கு எவ்வளவு செலவழிச்சாங்கன்னும் அந்த செக்ரோலுக்குப் பக்கத்துல எழுதி வச்சிருக்கலாமே.

தலைவரே, 18 மாச நிலுவையை மறந்துட்டீங்களா? 2013 ஒப்பந்தம் 2015 மார்ச்சோட முடிஞ்சுது. அடுத்தது 2016 ஒக்டோபர்ல. நடுவுல போன மாசங்களுக்கு சல்லிக்காசு வரல. 2019ல 1,000 ரூபான்னு ஊரே ரோட்டுல உக்காந்துச்சு, கையெழுத்தானது 700 அடிப்படை, 50 மேலதிகம். 730ல இருந்து 750. இருபது ரூபாய்க்கு அவ்வளவு பெரிய பேனாவா?

பழைய தலைவர்

நிலுவை விஷயத்துல எனக்குப் பதில் இல்ல. அன்னைக்கு என்னைத் தேடி லயத்து வீட்டுக்கு வந்து கேட்டவங்களுக்கும் பதில் சொல்ல முடியல.

ஆனா இருபது ரூபாங்கிற கணக்கு அரைக்கணக்கு. 2016ல அடிப்படை 500. மிச்சத்துல 60 ரூபா 75 வீதம் வேலைக்கு வந்தாத்தான், 140 ரூபா கிலோ எடுத்தாத்தான். இ.பி.எப். எல்லாம் 500 மேலதான். 2019ல அடிப்படை 700. முதலாளி இ.பி.எப்.புக்குக் கட்டுற 12 வீதமும் இ.டி.எப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதமும் கூட்டிப் பார், 200 ரூபாய்க்கு நாளுக்கு 30 ரூபா. பணிக்கொடைச் சட்டத்துல நாள் சம்பளக்காரங்களுக்கு வருஷத்துக்கு 14 நாள் சம்பளம். 30 வருஷம் வேலை செஞ்சவளுக்கு 420 நாள். 200 ரூபா வித்தியாசம் 84,000 ரூபா ஆகுது. அந்தக் காசுல வீட்டுக் கூரை மாத்தினவங்களை எனக்குத் தெரியும். இதை மேடையில விளக்கிச் சொல்ல எங்க ஆளுங்களுக்கு வாய் வரல, அது எங்க பிழை.

சட்டம் படிக்கிறவன்

ரெண்டு பேரும் ரெண்டு வேற சட்டத்தை ஒண்ணாப் போட்டுக் குழப்புறீங்க.

சம்பள நிர்ணய சபை 1941ஆம் ஆண்டு கட்டளைச் சட்டத்துல வருது. முதலாளி பிரதிநிதி, தொழிலாளர் பிரதிநிதி, அரசு நியமிச்ச ஆளுங்க. அவங்க போடுறது ஆகக்குறைஞ்ச சம்பளம், கம்பனிக்குப் பிடிக்காட்டியும் கட்டுப்படுத்தும். கூட்டு ஒப்பந்தம் 1950ஆம் ஆண்டு கைத்தொழில் பிணக்குகள் சட்டத்துல வருது. ரெண்டு தரப்பும் சம்மதிச்சா எதைப் பத்தியும் எழுதலாம்: கிலோ, கழிவு, முறைப்பாடு எந்தப் படியில போகணும், எல்லாம். வர்த்தமானியில வந்துட்டா அது ஒவ்வொருத்தரோட வேலை ஒப்பந்தத்துக்குள்ளயும் ஏறிடும், மீறினா குற்றம். கொழுந்துக்கூடை அக்கா சொன்ன சாக்குக்கழிவை இதுல எழுதலாம். முழு நாளும் நின்னவருக்கு அரைப்பேர் போடலாமாங்கிறதையும் இதுலயே தீர்த்துக்கலாம்.

இன்னொண்ணு. 1999 திருத்தத்துல 32அ பிரிவு வந்துச்சு. எந்தத் தொழிலாளர்களுக்காகப் பேசுறோமோ அவங்கள்ல 40 வீதம் அங்கத்தவரா இருக்கிற சங்கத்தோட பேச மாட்டேன்னு முதலாளி மறுத்தா அது நியாயமற்ற தொழில் நடைமுறை. 22 கம்பனிக்கும் சேர்த்துத்தான் பேசணும்னு எங்கயும் இல்ல. ஒரு கம்பனி, ஏன் ஒரு தோட்டத்துக்கே ஒப்பந்தம் போடலாம். கொழும்புல மூணு சங்கத் தரப்பு கையெழுத்துப் போடுறதுங்கிறது பழக்கம்தான், சட்டம் அப்படிச் சொல்லல.

கிளாக்கர்

40 வீதம்னு எதை வச்சுக் காட்டுவீங்க தம்பி? முன்ன சந்தா சம்பளத்துல பிடிச்சோம், செக்ரோல்ல பத்தி இருந்துச்சு, எந்தச் சங்கத்துல எத்தனை பேருன்னு நான் அஞ்சு நிமிஷத்துல சொல்லுவேன். ஒப்பந்தம் போன கையோட எங்க ஆபீசுல சந்தா பிடிக்கிறதை நிப்பாட்டியாச்சு. இப்ப ஆறு சங்கத்துக்காரங்களும் தங்களுக்குத்தான் பாதின்னு சொல்றாங்க. கூட்டினா தோட்டத்துல இருக்கிற ஆளை விட அங்கத்தவர் கூட வருது.

சட்டம் படிக்கிறவன்

தொழில் ஆணையாளர் வாக்கெடுப்பு வைக்கலாம். வர்த்தக வலயத் தொழிற்சாலைகள்ல நடந்திருக்கு. வழக்குப் போடுற அதிகாரமும் திணைக்களத்துக்கிட்டதான், அதுதான் இந்தப் பிரிவோட நொண்டிக் கால்.

பழைய தலைவர்

1940 ஜனவரியில முல்லோயாத் தோட்டத்துல வேலைநிறுத்தத்துல நின்ன தொழிலாளி கோவிந்தன் சூடுபட்டுச் செத்த பிறகுதான், அதே வருஷம் சங்கங்களோட தோட்ட முதலாளிகள் போட்ட ஏழு அம்ச உடன்படிக்கை வந்துச்சு. அப்ப நம்மாளுங்க தலை எண்ணுறதுக்கு யாரு செக்ரோல் குடுத்தா?

கொழுந்துக்கூடை

பழைய கதை நல்லாத்தான் இருக்கு தலைவரே. எங்க டிவிஷன்ல கொழுந்துக்கு நிக்கிறது 64 பேர். நானும் இன்னொரு அக்காவும் பேர் எழுதுறோம். சங்கம் எதுன்னு ஒரு பக்கம், போன மாசம் அரைப்பேர் எத்தனைன்னு இன்னொரு பக்கம். இதுவரைக்கும் 23 பேர் எழுதியாச்சு, அதுல மூணு பேர் ரெண்டு சங்கத்துல இருக்காங்க. ஏன்னு கேட்டா ஒண்ணு மாமியார் சேர்த்து விட்டதாம்.

பழைய தலைவர்

பத்தாந் தேதி சம்பளம். சீட்டை எல்லாரும் கையில வச்சிருப்பாங்க. கோயில் படியில உக்காந்தா மிச்சத்தையும் எழுதிடலாம், நான் வாறேன்.

கொழுந்துக்கூடை

படி வேணாம். அங்க ஆம்பளைங்க உக்காந்துருப்பாங்க, எங்க ஆளுங்க வாய் திறக்க மாட்டாங்க. பிள்ளைக்காம்பராவுக்கு வாங்க, பிள்ளை எடுக்க எல்லாரும் அங்கதான் வரணும். வாறப்ப ஒரு கைத்தராசு கொண்டு வாங்க. வெறுஞ்சாக்கு உண்மையில எத்தனை கிலோன்னு நிறுத்துப் பாக்கணும்.