உணர்ச்சி கட்டுக்கடங்காத நேரத்தில் கைகொடுத்த பயிற்சிகள்

ஒரு சிறு சொல் போதும், நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், கத்திவிடுவேன் அல்லது அழுதுவிடுவேன். "மனதை அடக்கு" என்று சொல்லாதவர்களே இல்லை. எப்படி என்று சொல்லிக்கொடுத்தது டி.பி.டி. எனப்படும் இயங்கியல் நடத்தைச் சிகிச்சைதான். தற்கொலை எண்ணத்தோடு போராடியவர்களுக்காக இதை உருவாக்கியவர் அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லைனஹன்; 1993இல் நூலாகவும் வந்தது. இளவயதில் தாமும் அதே தவிப்போடு மருத்துவமனையில் இருந்ததை 2011இல் வெளிப்படையாகச் சொன்னார். அதை அறிந்தபோது இந்தப் பயிற்சிமேல் எனக்கு நம்பிக்கை பிறந்தது.

மனக்கவனம், நெருக்கடியைத் தாங்குதல், உணர்ச்சியைச் சீராக்குதல், உறவாடும் திறன் என நான்கு பிரிவுகள். எனக்கு முதலில் உதவியது இரண்டாவது. கொந்தளிப்பின் உச்சத்தில் புத்திமதி எதுவும் ஏறாது. உடலைத்தான் முதலில் அமைதிப்படுத்த வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு குளிர்ந்த நீரில் முகத்தை அரை நிமிடம் வைத்தால் இதயத் துடிப்பு குறைகிறது. (இதயக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.)

அதைவிட ஆழமாகப் பயன்பட்டது சங்கிலிப் பகுப்பாய்வு. நடந்த ஒரு சண்டையை எடுத்துக்கொண்டு, சிகிச்சையாளருடன் ஒவ்வொரு கண்ணியாகப் பின்னோக்கிப் போவோம். தங்கை கேட்ட ஒரு சாதாரணக் கேள்விக்கு வெடித்திருந்தேன். அதற்கு முன் என்ன? தோழி பதில் அனுப்பாத செய்தி. அதற்கும் முன்? மதியம் சாப்பிடவில்லை, முந்தைய இரவு தூக்கமில்லை. எல்லாவற்றையும் தாளில் வரிசையாக எழுதியதும், எந்தக் கண்ணியில் நான் குறுக்கிட்டிருக்க முடியும் என்று சிகிச்சையாளர் கேட்டார். தாளில் 'மதியம் சாப்பிடவில்லை' என்ற வரியில் விரலை வைத்தேன்.

• • •

மேலே எழுதியவர் சொன்ன தண்ணீர் முறை, இதே சிகிச்சைக்குப் போன எனக்கும் உதவியிருக்கிறது. ஆனால் என் சிக்கல் கோபமல்ல, கூச்சம். அதற்கு 'எதிர்ச்செயல்' பயிற்சி. அந்த உணர்ச்சி நிலைமைக்குப் பொருந்துகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பொருந்தாவிட்டால், அது தூண்டுவதற்கு நேர்மாறானதை முழுமனதோடு செய்ய வேண்டும். கூட்டத்தை விட்டு ஓடத் தோன்றியபோது நடுவில் போய் உட்கார்ந்து, நிமிர்ந்து, முகம் பார்த்துப் பேசினேன். அரைமனதோடு செய்தால் பலனில்லை.

புதிதாகச் சேருபவர்களுக்கு: குழுப் பயிற்சி வாரம் ஒருமுறை நடக்கும், ஒரு சுற்று முடிய ஏறக்குறைய ஆறு மாதமாகும், பலர் அதையே மறுபடியும் படிக்கிறார்கள். உணர்ச்சியின் அளவை 0 முதல் 5 வரை நாள்தோறும் குறிக்கும் அட்டை சலிப்பூட்டும். தயவுசெய்து விட்டுவிடாதீர்கள், சிகிச்சையாளர் அதைப் பார்த்துத்தான் அன்றைய பேச்சை எங்கே தொடங்குவது என்று முடிவுசெய்கிறார்.