நுவார்க் விமானத்தில் ஈசூன் அம்மா கேட்ட கேள்வி

போன ஜூலையில் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து அமெரிக்காவில் நியூ ஜெர்சியிலுள்ள நுவார்க் போனேன். நடுவில் எங்கும் நிற்காத விமானம். பக்கத்து இருக்கையில் ஈசூனைச் சேர்ந்த ஓர் அம்மா. மகளின் பிரசவத்துக்குப் போகிறார். திரையில் ஓடிய வரைபடத்தைக் காட்டி, "தம்பி, அமெரிக்கா மேற்கேதானே? நாம ஏன் ஜப்பான் பக்கம் போறோம்?" என்றார்.

அருமையான கேள்வி! சாங்கி இருப்பது கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகையில், நுவார்க் மேற்கே 74 பாகையில். இரண்டையும் கூட்டினால் 178, கிட்டத்தட்ட உலகின் பாதிச் சுற்று (180). அதாவது மிகக் குறுகிய வழி கிழக்கும் இல்லை, மேற்கும் இல்லை. வட துருவத்தை ஒட்டிப் போகிறது. எல்லோரும் சொல்லும் 15,344 கி.மீ. அந்தக் கோட்டின் நீளம்தான். ஆனால் சுமார் 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வேகமாக வீசும் காற்று ஒன்று இருக்கிறது. பசிபிக் மேலே போனால் அது பின்னாலிருந்து தள்ளிவிடும். தூரம் கூடினாலும் நேரம் மிச்சம். "ஆத்து ஓட்டத்தோட போற மாதிரின்னு சொல்லுங்க" என்றார். அதேதான்.

அப்புறம் மாத்திரை. தினமும் காலை 8 மணிக்கு ரத்த அழுத்த மாத்திரை போடுபவர். வியாழன் இரவு ஏறி வெள்ளி காலை இறங்குகிறோம். கடிகாரக் கணக்கில் ஏழு மணி நேரம்கூட ஆகாது, உடம்புக்கோ பதினெட்டு மணி நேரத்துக்கு மேல். அங்கே போய் 8 மணிக்குப் போட்டால் சிங்கப்பூரில் அப்போது இரவு 8. மருத்துவர் முன்பே சொல்லியிருந்தாராம், விமானத்தில் சிங்கப்பூர் நேரப்படியே போடச் சொல்லி. எல்லோரும் தூங்கும் இருட்டில் சரியாக 8 மணிக்கு எழுப்பித் தண்ணீர் கொடுத்தேன். கோடையில் வித்தியாசம் சரியாக 12 மணி நேரம் என்பதால், இறங்கியபின் அவர் கைக்கடிகார முள்ளைத் தொடவே வேண்டியிருக்கவில்லை.

நீங்களும் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

ஜூரோங்கிலிருந்து ஒருவர்:
நான் போனது ஜனவரியில். அப்போது வித்தியாசம் 13 மணி நேரம். கிளம்பும் முன் இங்கிருந்து, அங்கே உள்ள பேத்தியிடம் பேச ஒரு மணி நேரம் முன்பாகவே அழைத்துத் தூக்கத்தைக் கெடுத்துவிட்டேன். மார்ச்சிலும் நவம்பரிலும் அவர்கள் கடிகாரத்தை மாற்றுவார்கள், குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

உட்லண்ட்ஸிலிருந்து ஒருவர்:
இந்த நேர் விமானம் 2004இல் தொடங்கி 2013இல் நின்றுபோனது. 2018 அக்டோபரில்தான், ஏ350 விமானத்தின் நெடுந்தூர வகை வந்தபின், மறுபடி பறந்தது. அப்பா தவறியது 2016இல். நியூ ஜெர்சியிலிருந்து அண்ணன் பிராங்பர்ட்டில் இறங்கி ஏறித்தான் வர முடிந்தது. டிக்கெட் கிடைத்த நேரத்தையும் சேர்த்தால் ஒன்றரை நாள். அதுவரை அப்பாவை வீட்டுக்குக் கீழே புளோக்கடியில்தான் (அடுக்குமாடிக் கட்டடத்தின் திறந்த தரைத்தளத்தில்) வைத்திருந்தோம். சாங்கியிலிருந்து டாக்ஸியில் நேராக வந்து அண்ணன் முகம் பார்த்தபிறகுதான் மண்டாய் தகனச்சாலைக்குக் கிளம்பினோம்.