ஐஸ்கிரீம் டப்பாவில் சூடான சாம்பார் ஊற்றலாமா?

கேள்வி:
வணக்கம். காலியான ஐஸ்கிரீம் டப்பாவையும் குடிநீர்ப் பாட்டிலையும் என் மாமியார் தூக்கிப் போடுவதே இல்லை. மீந்த சாம்பார் ஆவி பறக்கும்போதே டப்பாவுக்குள் போய்விடும். செக்கில் நல்லெண்ணெய் வாங்கி வருவதும் பழைய பாட்டிலில்தான். டப்பாவின் உட்புறம் மஞ்சளாகிவிட்டது. எத்தனை முறை தேய்த்தாலும் போகவில்லை. அடியில் முக்கோணத்துக்குள் டப்பாவில் 5, பாட்டிலில் 1 என்று இருக்கிறது. இந்த எண்கள் பாதுகாப்பைக் குறிக்கின்றனவா?

முதல் மறுமொழி:
இல்லை அம்மா. 1988-இல் அமெரிக்காவில், மறுசுழற்சிக்குப் பிரித்தெடுப்பதற்காக ஏற்பட்ட எண்கள் அவை. எந்த வகைப் பிளாஸ்டிக் என்பதை மட்டுமே சொல்லும். 5 என்பது பாலிபுரோப்பிலீன். அது உருகுவதற்கு ஏறத்தாழ 160 டிகிரி வேண்டும் என்பதால் கொதிக்கும் சாம்பாரில் உருகிவிடாது. ஆனால் குளிர்ந்த பண்டத்தை ஒருமுறை அடைப்பதற்கென்று செய்த மெல்லிய டப்பா அது. 1 என்பது பெட் (PET) என்னும் பிளாஸ்டிக். 70, 80 டிகிரியிலேயே இளகும். கொதிநீரை ஊற்றினால் பாட்டில் சுருங்கிக் கோணுவதைப் பார்த்திருப்பீர்கள்.

பிளாஸ்டிக்கிலிருந்து உணவுக்குள் இறங்கும் பொருள்கள் ஒரு கிலோவுக்கு மொத்தம் 60 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று நம் நாட்டு 2018 விதிமுறை சொல்கிறது. சூடும் எண்ணெயும் புளிப்பும் நாள்கணக்கும் சேரச் சேர அந்த இறக்கம் கூடும். சாம்பாரில் இவை ஏறக்குறைய எல்லாமே இருக்கின்றன.

இரண்டாம் மறுமொழி:
மஞ்சள் கறைக்காகப் பயப்பட வேண்டாம். மஞ்சளின் நிறமி எண்ணெயில் கரைந்து பிளாஸ்டிக்குள் ஊறியிருக்கிறது. ஓரிரு நாள் வெயிலில் கவிழ்த்து வைத்தால் பெரும்பாலும் வெளுத்துவிடும். கம்பி நாரால் தேய்த்த கீறல்கள்தான் எனக்குக் கவலை, அவற்றில் அழுக்கும் கிருமியும் தங்கும்.

பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் பிஸ்பீனால் ஏ (பிபிஏ) என்னும் வேதிப்பொருள் உணவில் இறங்கும் என்ற அச்சமோ பாலிகார்பனேட் என்னும் கெட்டியான கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கைச் சேர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியம் அதில் செய்த பால்புட்டிகளை 2011-இலேயே தடுத்தது. பாலிபுரோப்பிலீனில் அந்தப் பொருளே சேர்வதில்லை; ஆகவே 5 என்ற எண்ணுள்ள டப்பாவில் "பிபிஏ இல்லை" என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டுக் கூடுதல் விலை கேட்பது, என் பார்வையில், வெறும் வியாபாரத் தந்திரம்.

கேட்டவர்:
நன்றி. சாம்பாருக்கு எவர்சில்வர் தூக்கு, எண்ணெய்க்குக் கண்ணாடிப் பாட்டில் என்று முடிவு செய்தோம். டப்பாக்களை மாமியார் விட மறுத்துவிட்டார். கடுகும் வெந்தயமும் போட்டுக்கொள்ளலாமா என்கிறார்.

முதல் மறுமொழியாளர்:
தாராளமாக. உலர்ந்த பொருளுக்கு அவை போதும்.