வேலைக்குப் போகும் வயதில் பங்கில் ஓர் இளையோர் குழு: யாங்கோன், மோல்மேன் அனுபவங்கள்

யாங்கோனிலிருந்து:

பர்மாவில் தமிழ்க் கத்தோலிக்கரான நாங்கள் எங்கள் பங்கில், அதாவது எங்கள் கோயிலைச் சேர்ந்த சமூகத்தில், இளையோர் குழு எப்படி ஆரம்பித்தோம் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நடந்ததை எழுதுகிறேன், நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பங்கில் சின்னப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி உண்டு, பூசையில் சாமியாருக்கு உதவும் பீடச் சிறுவர் உண்டு, பாடற்குழு உண்டு. பெரியவர்களுக்கு மரியாயின் சேனை, வின்சென்ட் தே பவுல் சபை என்று பக்தி, உதவிக் குழுக்கள் இருக்கின்றன. உறுதிபூசுதல் வாங்கி, பத்தாவது முடித்து, கடைக்கோ கார்மென்ட் ஃபேக்டரிக்கோ போகிற பிள்ளைக்குத்தான் ஒன்றும் இல்லை. திருவிழா வந்தால் கூப்பிடுவோம்: தேர் தூக்க, தோரணம் கட்ட, அசனம் என்கிற பொது விருந்துக்குப் பாத்திரம் கழுவ. மற்ற நாளில் அவன் எப்படி இருக்கிறான் என்று கேட்க ஆள் கிடையாது. இது எனக்கு ரொம்ப நாளாக வருத்தமாகவே இருந்தது.

பூசை முடிவில் அறிவிப்பு வாசித்து ஆள் சேர்க்கலாம் என்று பங்குப் பேரவையில் சொன்னார்கள். நாங்கள் மூன்று பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒவ்வொருவராகப் பார்க்கப் போனோம். டீக்கடையில், பஸ் நிறுத்தத்தில், வேலை முடிந்து வரும் வாசலில். கேட்டது ஒன்றே ஒன்று: இப்போது உனக்கு எது பாரமாக இருக்கிறது? வந்த பதில்களைக் கேட்டு நாங்களே அசந்துபோனோம். ஒருத்திக்கு அம்மாவின் மருந்துச் செலவு. ஒருவருக்கு புத்தமதப் பெண்ணைக் கல்யாணம் செய்ய வீட்டில் சம்மதம் இல்லை, சாமியாரிடம் கேட்கவும் பயம். நிறைய பேருக்கு ராணுவ அழைப்பு வந்துவிடுமோ என்ற கவலை. கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை 2024 பிப்ரவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள் இல்லையா, ஆண்களில் 18 முதல் 35 வரை, பெண்களில் 18 முதல் 27 வரை. அதாவது நாம் குழுவில் சேர்க்க நினைக்கிற அதே வயது. பெண்களை இப்போதைக்கு அழைக்கவில்லை என்று பிறகு சொன்னாலும் வீட்டில் யார் நிம்மதியாகத் தூங்குகிறார்கள்?

ஒரு தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஞாயிறுதோறும் பூசை நேரத்தில் கோயில் வளாகத்து லூர்து மாதா கெபி (குகைக் கோயில்) பக்கத்திலேயே நிற்பார், உள்ளே வரவே மாட்டார். செல்போன் ரிப்பேர் கடையில் வேலை. சின்ன வயதில் பீடச் சிறுவராக இருந்தவர் என்பது எனக்கு ஞாபகம் இருந்தது. ஒருநாள் போய்ப் பக்கத்தில் நின்றேன், உள்ளே வா என்று சொல்லவில்லை, கடை எப்படிப் போகிறது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “என்னைக் கோயிலில் பேர் சொல்லிக் கூப்பிட்டு எவ்வளவு நாளாச்சு அக்கா, நன்கொடை ரசீதோடு வருகிறவர்கள் மட்டும்தான் பேசுகிறார்கள்” என்றார். அப்பா இறந்தபின் குடும்பத்தால் கோயில் வரி கட்ட முடியவில்லை, அந்த வெட்கத்தில்தான் வெளியிலேயே நின்றிருக்கிறார். இன்றைக்கு எங்கள் கூட்டத்துக்கு அறையைத் திறப்பவர் அவர்தான். பூசைக்கும் உள்ளே வருகிறார், ஆனால் அதற்கு நாங்கள் அவசரப்படுத்தவில்லை, பல மாதம் கழித்து அவராகவே வந்தார்.

பங்குத்தந்தை கரேன் இனத்தவர், தமிழ் தெரியாது, ஆனால் காது கொடுத்துக் கேட்பவர். அவரிடம் அனுமதி கேட்டோம், அறைச் சாவி கேட்டோம், மாதம் ஒருமுறை எங்களோடு உட்கார நேரம் கேட்டோம். கூட்டத்தை நாங்களே நடத்துகிறோம் என்றதும் சிரித்துக்கொண்டே சரி என்றார். திருத்தந்தை பிரான்சிஸ் 2019இல் இளையோருக்கு எழுதிய மடலில், இளையோர் பணியைச் செய்ய வேண்டியவர்கள் இளையோரே, பெரியவர்கள் வழிகாட்டலாம், புது வழி தேடும் சுதந்திரத்தை அவர்களுக்கு விட வேண்டும் என்ற கருத்து இருக்கிறது. அதைப் பங்குத்தந்தையே எங்களுக்கு எடுத்துக் காட்டினார். 2017 நவம்பர் 30 அன்று யாங்கோன் புனித மரியன்னை பேராலயத்தில் இளையோருக்காகப் பூசை வைத்துவிட்டுத்தான் திருத்தந்தை நம் நாட்டை விட்டுக் கிளம்பினார். அன்று அங்கே நின்றவர்களில் சிலர்தான் இப்போது எங்கள் குழுவில் மூத்தவர்கள்.

கூட்டம் எளிமையாகத்தான் போகும். வருகிற ஞாயிறு நற்செய்தியை இரண்டு தடவை வாசிப்போம், கொஞ்சம் மௌனம், அப்புறம் மனதில் பட்டதை ஒவ்வொருவரும் சொல்லலாம். ஒருவர் பேசும்போது இன்னொருவர் திருத்தக் கூடாது, இதில் மட்டும் நான் கண்டிப்பு. அதற்குப் பிறகு ‘பார், தீர்ப்பிடு, செயல்படு’. பெல்ஜியத்தில் தொழிலாளி இளைஞர்களோடு வேலை செய்த கார்டின் என்ற குரு கொடுத்த முறை, ஃபேக்டரிப் பிள்ளைகளுக்கு உடனே பிடித்துவிட்டது. யாராவது ஒருவர் கஷ்டத்தை எடுத்துவைப்பார், நாம் என்ன செய்யலாம் என்று பேசி, இந்த வாரம் யார் எதைச் செய்வது என்று முடிவு செய்துவிட்டுத்தான் எழுந்திருப்போம். ஆஸ்பத்திரியில் இருக்கும் அம்மாவுக்கு யார் சாப்பாடு கொண்டுபோவது என்பதுகூட அப்படி முடிவானதுதான். 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் மண்டலே பக்கம் அத்தனை வீடும் கோயிலும் விழுந்தபோது, அடுத்த கூட்டத்திலேயே அரிசியும் தார்ப்பாயும் சேர்க்க ஆரம்பித்துவிட்டார்கள், நான் ஒன்றும் சொல்லவில்லை.

மொழி விஷயத்தில் பெரியவர்களுக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தமிழ் பேச வரும், எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார்கள். அதனால் வசனம் பர்மிய மொழியில், ஜெபமாலையும் பாட்டும் தமிழில், பேச்சு இரண்டும் கலந்து. எனக்கு இதில் சந்தேகமே இல்லை, வசனம் புரிந்தால்தான் பேச முடியும். அதோடு, குழுவுக்கு வந்தபின் தமிழ் எழுத்துப் படிக்க ஆசைப்பட்டுக் கேட்டவர்களும் இருக்கிறார்கள்.

குழுவுக்குப் பாதுகாவலராக எந்தப் புனிதரை வைப்பது என்று பேச்சு வந்தபோது பிள்ளைகள் இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒருவர் நாட்டாலம் தேவசகாயம், 1752இல் வேதசாட்சியாகச் சுடப்பட்டவர், 2022இல் புனிதரானார். இன்னொருவர் நம் பர்மாவின் முதல் முத்திப்பேறு பெற்றவர் (புனிதர் பட்டத்துக்கு முந்திய படி) இசிதோர் ஙெய் கோ லாட். ஆஸ்துமா காரணமாகக் குருமடத்திலிருந்து திரும்பி வந்தவர், மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கும் உபதேசியாராகி, 1950இல் இத்தாலியக் குரு மாரியோ வெர்காராவோடு சேர்ந்து கொல்லப்பட்டார். தேவசகாயம், இசிதோர் இருவருமே குருவோ துறவியோ அல்லாத பொதுநிலையினர். நினைத்த வழி அடைபட்டுப்போன ஒருவர் நமக்குப் பாதுகாவலராக இருக்கட்டும் என்று ஒரு தங்கச்சி சொன்னாள், அவளுக்கு அந்த மாதம்தான் வேலை போயிருந்தது.

கடைசியாக, இதுதான் முக்கியம் என்று நான் நினைப்பது. நம் ஊரில் இளையோர் குழு என்றால் ஆட்கள் போய்க்கொண்டே இருப்பார்கள். தாய்லாந்துக்கு, மலேசியாவுக்கு, சிலர் சொல்லாமலே. நல்ல தலைவர் ஒருவரை நம்பி ஆரம்பித்தால் அவர் போன மாதமே குழு கலைந்துவிடும். எங்களிடம் ஒவ்வொரு பொறுப்புக்கும் இரண்டு பேர்: வாசகம், பாட்டு, கணக்கு, சாவி, நோயாளி சந்திப்பு, எல்லாமே. ஒருவர் கிளம்பினால் மற்றவர் புதிதாக ஒருவரைச் சேர்த்துக்கொள்வார். கிளம்புகிறவரை நடுவில் நிற்க வைத்து எல்லாரும் தலையில் கைவைத்து ஜெபித்து அனுப்புவோம். தயவுசெய்து இதை முதல் கூட்டத்திலேயே செய்துவிடுங்கள்.

மோல்மேனிலிருந்து:

அக்கா எழுதியதைப் படித்து மனது நிறைந்தது. எங்கள் ஊரில் தமிழ் இளையோர் மட்டும் என்றால் ஒரு பெஞ்சுகூட நிரம்பாது, அதனால் கரேன் பிள்ளைகளோடு சேர்ந்துதான் குழு. ஒன்றை மட்டும் சொல்கிறேன். கிறிஸ்துமஸ் பாட்டுக்கு வீடு வீடாகப் போனபோது ஒரு சந்துக் கோடியில் வயதான பாட்டி தனியாக இருந்தார். 1964க்குப் பிறகு கடைகளை அரசு எடுத்துக்கொண்டு நம் ஆட்கள் கப்பலேறிய காலத்தில் அவர் அண்ணன்மார் எல்லாம் இந்தியா போய்விட்டார்களாம், இவர் மட்டும் தங்கிவிட்டார். நாங்கள் பர்மியப் பாட்டு பாடி முடித்ததும், தமிழில் ஒன்று பாடுவீர்களா என்று கேட்டார். குழுவில் இரண்டு பேருக்குத்தான் தெரியும், அவர்கள் பாட, பாட்டி அடி தவறாமல் கூடவே பாடினார். அடுத்த கிறிஸ்துமஸ்வரை காத்திருக்காமல் இப்போது மாதாமாதம் போகிறோம், அரிசி எண்ணெய் வாங்கிக் கொடுக்கிறோம், கரேன் பிள்ளைகள்தான் முதலில் கிளம்புவார்கள்.

கோலாலம்பூரிலிருந்து:

நான் அந்த யாங்கோன் குழுவில் இருந்து கிளம்பியவன். இங்கே வந்த புதிதில் ஓட்டல் வேலை, ஞாயிறும் லீவு கிடையாது. குழுவில் பாட்டுப் பொறுப்பில் என்னோடு இருந்தவர் வாரம் தவறாமல் நற்செய்தியைக் குரல்பதிவாக அனுப்புவார், சில வாரம் இணையத் தடையைத் தாண்ட உதவும் வி.பி.என். சரியாக வேலை செய்யாமல் புதன்கிழமைதான் வந்து சேரும். பாத்திரம் கழுவும்போது கேட்பேன். பிறகு புடு பக்கம் புனித அந்தோணியார் கோயிலில் தமிழ்ப் பூசை இருப்பதைத் தெரிந்துகொண்டு மாலை நேரத்தில் போக ஆரம்பித்தேன். வெளிநாடு போகிறவர்களுக்கு அங்கே எந்தக் கோயிலில் தமிழிலோ பர்மிய மொழியிலோ பூசை இருக்கிறது என்று முன்கூட்டியே விசாரித்துக் கொடுத்தால் பெரிய உதவி.

யாங்கோனிலிருந்து:

நல்ல யோசனை தம்பி, வெளிநாட்டில் இருக்கும் நம் ஆட்களிடம் கேட்டுக் குறித்துவைக்கச் சொல்கிறேன். வயதும் காசும் பற்றிக் கேட்டவர்களுக்கு: 18க்கு மேல் யாரும் வரலாம், கல்யாணமானவர்கள் கைக்குழந்தையோடு வரட்டும், குழந்தை அழுதால் அழட்டும். பெட்டியில் பெரிய தொகை சேர்க்காதீர்கள், வந்ததையும் செலவானதையும் மாதக் கடைசியில் எல்லார் முன்னாலும் வாசித்துவிடுங்கள். கூட்டத்தை வெளிச்சம் இருக்கும்போதே முடியுங்கள், பெண்பிள்ளைகளை வீடுவரை யார் கொண்டுபோய் விடுவது என்று கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள்.