மிஸ்ஸி அம்மாவின் நினைவுத் தூண்: பணம் அனுப்புமுன் இதையும் வாசியுங்கள்

அன்பின் ஊரவர்க்கு,

ஊரின் மருத்துவிச்சியாக இருந்த, நீங்கள் மிஸ்ஸி அம்மா என்று அழைத்த என் பெரியம்மாவின் அந்தியேட்டிக் கிரியைகள் முடிந்து லண்டன் திரும்பிய கையோடு எழுதுகிறேன். நான் ஊரில் நின்ற நாட்களில் குழுவில் வந்த மடல்கள் எல்லாவற்றையும் நேற்றிரவு இருந்து வாசித்தேன். இரங்கல் எழுதிய ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஆனால் கோயில் வாசலில் அவருக்குச் சலவைக்கல்லில் தூண் எழுப்பப் போவதாகச் சொல்லித் தலைவர் நிதி கேட்டிருக்கும் மடலுக்கு எங்கள் சம்மதம் இல்லை. ரொறன்ரோ அண்ணாவுடனும் அண்ணியுடனும் ஊரில் இருக்கும் அக்காவுடனும் பேசிய பிறகுதான் இதை எழுதுகிறேன். எங்களைக் கேட்காமலே கல்லுக்கு முற்பணம் கொடுத்திருந்தால், தயவுசெய்து அதை நிறுத்துங்கள்.

நான் கண்டதை முதலில் சொல்கிறேன். சனசமூக நிலையத்தின் பின்னறையில்தான் பெரியம்மா முப்பது வருடங்களுக்கு மேல் தாய் சேய் கிளினிக் நடத்தினார் என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே இன்னும் கிளினிக் நடக்கிறது. கூரைத் தகடுகள் வெடித்து, மழைத்தண்ணீர் பரிசோதனைக் கட்டிலுக்கு மேலேயே ஒழுகுகிறது. வாங்குகளை யாரோ கொண்டுபோய்விட்டார்கள். நிறைமாதக் கர்ப்பிணிகள் வேப்பமரத்தடியில் நிற்கிறார்கள். பிள்ளைகளை நிறுக்கும் தூக்குத் தராசை அந்த மரத்தின் கிளையில்தான் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். கட்டிலைச் சுற்றித் திரை இல்லாததால், ஒருத்தியைப் பரிசோதிக்கும்போது இன்னொருத்தி சால்வையை விரித்துப் பிடிக்கிறாள். மலசலகூடத்துக்குப் பூட்டு. நெல்லியடியிலிருந்து ஸ்கூட்டரில் வரும் இப்போதைய மருத்துவிச்சி (மருத்துவ மாது) இளம்பிள்ளை. ஒரு மருத்துவ மாதின் பிரிவுக்குச் சுமார் 3,000 பேர் என்பதுதான் கணக்கு. பக்கத்துப் பிரிவுக்கு ஆள் நியமிக்கப்படாததால் அவர் இரண்டு பிரிவையும் சேர்த்துப் பார்க்கிறார். அந்தப் பிள்ளை என்னிடம் ஒரு குறையும் சொல்லவில்லை. “மழை வந்தால் கொப்பிகள் நனைகின்றன, அக்கா” என்று மட்டும் சொன்னார்.

இந்த நிலையில் கோயில் வாசலில் எதற்குத் தூண்?

சிட்னிச் சித்தப்பா, நீங்கள் எழுதியதை மதிக்கிறேன். அடுத்த ஊரார் மணிக்கூட்டுக் கோபுரம் கட்டிவிட்டார்கள், நாங்கள் சும்மா இருந்தால் ஊருக்கு மதிப்பில்லை என்கிறீர்கள். அடுத்த ஊர்ப் பெண்களும் பிரசவத்துக்குப் பெரியம்மாவைத் தேடி எங்கள் ஒழுங்கைக்குத்தான் வந்தார்கள். அதைவிட என்ன மதிப்பு வேண்டும்? தூணில் “டாக்டரம்மா” என்று பொறிக்கலாம் என்ற யோசனையையும் விட்டுவிடுங்கள். அவர் டாக்டர் இல்லை. பயிற்சி பெற்ற அரசாங்க மருத்துவிச்சி. பின்னாளில் குடும்பநல உத்தியோகத்தர் என்று அழைக்கப்பட்ட அந்தப் பதவியிலேயே ஓய்வு பெற்றார், அதிலேயே பெருமைப்பட்டார். 1940களின் நடுப்பகுதியில் இலங்கையில் ஒரு லட்சம் பிறப்புக்கு 1,500க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். இன்று அந்த எண்ணிக்கை 40க்கும் கீழே. ஆஸ்பத்திரியும் மருந்தும் இலவசக் கல்வியும் வந்ததோடு, வெள்ளைச் சேலை கட்டிச் சைக்கிளில் வீடு வீடாகப் போன இந்தப் பெண்கள் இல்லாவிட்டால் அது நடந்திருக்காது. பிரசவம் பார்ப்பது மட்டும் அவர்கள் வேலை அல்ல. பெரியம்மா கர்ப்பிணியின் கணுக்காலை விரலால் அழுத்திப் பார்ப்பார். குழி விழுந்து நின்றால் அது ஆபத்தின் அறிகுறி; அந்த வீட்டில் என்ன நல்ல நாள், கெட்ட நாள் என்று கேட்கமாட்டார். மந்திகை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும்வரை படலையை விட்டு நகரமாட்டார். ஊரடங்கு நாளில் ஒரு தாயை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி, தடியில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு போயிருக்கிறார். அன்று அந்தப் பெட்டியில் பிறந்தவர் இந்தக் குழுவில் இருக்கிறார். தன் பெயரைச் சொல்வதா இல்லையா என்பது அவர் விருப்பம்.

கோயில் வாசல் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. இதை எழுதத் தயங்கினேன். அக்காதான் “எழுது” என்றார். 1968இல் மாவிட்டபுரத்தில், சாதியின் பேரால் ஒதுக்கப்பட்டவர்களின் கோயில் நுழைவுப் போராட்டம் நடந்தபோது பெரியம்மா வேலைக்கு வந்து சில வருடங்கள்தான். எங்கள் ஊரில் அப்படி ஒதுக்கப்பட்டு, குளத்துக்கு அப்பால் இருந்தவர்களின் வீடுகளுக்கும் பிரசவம் பார்க்கப் போனார். அங்கே தேநீர் குடித்தார். அவர்கள் பாயில் இருந்தார். அதற்காக அவர்மேல் பெட்டிசம் போனது. அப்படிப்பட்டவர் கோயில் மடைப்பள்ளிக்குள் வரக்கூடாது, இடம் மாற்ற வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். எந்தெந்த வீடுகள் கையெழுத்து வைத்தன என்பது ஊர் அறியும். அதே வீடுகளில் பிரசவ வலி கண்டபோது அவர்தான் நடுச்சாமத்தில் போனார், ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் மடைப்பள்ளிப் பக்கம் காலெடுத்து வைத்ததே இல்லை. வெளி வீதியில் நின்று கும்பிட்டுவிட்டு வந்துவிடுவார். அந்த வாசலில் அவர் பெயரைக் கல்லில் வெட்டி வைப்பதை எங்களால் ஏற்க முடியாது. குளத்துக்கு அப்பாலிருந்து அந்தியேட்டிக்கு வந்து முற்றத்தில் நின்று அழுத கிழவிகள், அந்தக் கல்லைப் பார்க்க எந்த வாசலால் வருவார்கள்?

நினைவு மலருக்குக் கட்டுரை கேட்டிருந்தீர்கள். அதற்கு நான் எழுத விரும்புவது சோப்பைப் பற்றி.

1990இல் யுத்தம் மீண்டும் தொடங்கிய பிறகு யாழ்ப்பாணத்துக்குச் சோப்பு, மண்ணெண்ணெய், பற்றரி எல்லாவற்றுக்கும் அரசாங்கத்தின் தடை. பெரியம்மாவுக்கு எங்கிருந்தாவது ஒரு லைஃப்போய்க் கட்டி கிடைக்கும். அதைத் தையல் நூலால் நான்காக அறுத்து, பழைய பால்மாப் பேணியில் போட்டு, கைப்பெட்டிக்குள் வைத்துவிடுவார். வீட்டில் நாங்கள் உடுப்புத் தோய்த்தது பனம்பழக் களியில். முழுகியது சீயக்காயில். அந்தப் பேணியில் எங்கள் ஒருவர் கையும் பட்டதில்லை. சின்னண்ணா ஒருநாள், பரீட்சைக்குப் போகும் சட்டைக்காவது ஒரு துண்டு தரச்சொல்லிக் கெஞ்சினார். “இது பிள்ளைத்தாச்சிக்கு உரியது, ராசா” என்று சொல்லிவிட்டு, இருட்டோடு எழுந்து அந்தச் சட்டையைக் களியிலேயே தோய்த்து, சிரட்டைக்கரி போட்ட இஸ்திரிப் பெட்டியால் மினுக்கிக் கொடுத்தார். பிரசவ வீட்டில் முதலில் கேட்பது கிணற்றடியைத்தான். முழங்கை வரை நுரைத்து, நகக்கண்ணைத் தென்னை ஈர்க்கால் கிளறிக் கழுவி, கைகளை உயர்த்திப் பிடித்தபடி உள்ளே போவார். ஊரில் பிரசவத்தில் கிருமி தொற்றி, ஜன்னி கண்டு தாய் சாகாததற்குக் கடவுளை மட்டும் கும்பிட்டால் போதாது.

1995 ஒக்டோபர் கடைசியில் யுத்தத்தால் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து, தென்மராட்சிக்கும் எங்கள் வடமராட்சிப் பக்கத்துக்கும் சனம் வந்து சேர்ந்தது உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் பள்ளிக்கூடத்தில் நிற்க இடமில்லை. கார்த்திகை மழை. நான்காம் வகுப்பு அறையில் மேசைகளைச் சேர்த்துப் போட்டு, சேலையால் மறைத்து, பெரியம்மா பிரசவம் பார்த்தார். ஜாம்போத்தல் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். பிள்ளை விழுந்ததும் சேலையில் ஊசி குத்தியிருந்த மணிக்கூட்டைத்தான் முதலில் பார்த்தார். பிறகு அழுகைக்காகக் காத்திருந்தார். அது அழுத பிறகுதான் அவர் முகத்தில் இரத்தம் திரும்பியது. விடிந்ததும் வீட்டுக்கு வந்து, எங்கள் எல்லோருக்கும் புட்டு அவித்து, என் தலையை இழுத்துப் பின்னிவிட்டார். கணவரை இளவயதில் இழந்து, மூன்று பிள்ளைகளோடு என்னையும் நான்காவதாக வளர்த்தவர். பெறாமகள் என்று என்னை ஒருநாளும் பிரித்துப் பார்த்ததில்லை. சின்னண்ணாவைக் கிளாலிக் கடலேரி வழியாக வெளிநாட்டுக்கு அனுப்ப ஏஜன்சிக்குக் கொடுத்தது அவருடைய தாலிக்கொடியும் மேற்கு வளவும். அந்த வளவை யார் என்ன விலைக்கு வாங்கினார் என்று இங்கே சொல்லப்போவதில்லை.

பேரப்பிள்ளைகளோடும் அவர் அப்படித்தான். அண்ணியின் பிள்ளைப்பேற்றுக்குப் பத்தியம் பார்க்க ரொறன்ரோ போனபோது காயச்சரக்கோடு ஊரிலிருந்து வெற்று வளர்ச்சி அட்டைகளையும் கொண்டுபோனார். திரும்பி வந்த பிறகும் ஒவ்வொரு மாதமும் தொலைபேசியில் நிறை கேட்டு, அட்டையில் புள்ளி வைத்துக் கோடு இழுப்பார். கோடு சற்றுச் சரிந்தாலும் அண்ணிக்கு அன்றே அழைப்பு வரும். இப்போது பல்கலைக்கழகம் போகும் பேத்தியின் அட்டையும் அலுமாரியில் இருந்தது.

ஒஸ்லோ அண்ணா, பழைய கணக்கு எங்கே என்ற உங்கள் கேள்வி நியாயமானது. வாசிகசாலைக்குச் சேர்த்த பணத்தின் மீதிக்கு இன்றுவரை கணக்கு வரவில்லை. அந்தக் கணக்கு வராமல் புதிதாகச் சேர்ப்பதற்கு நானும் உடன்படமாட்டேன். பொருளாளர் பக்கத்துவீட்டுக்காரர் என்பதால் நான் பேசாமல் இருப்பேன் என்று எழுதியது மட்டும் என்னை நோகச் செய்தது. அந்த வீட்டோடு எங்களுக்கு இருப்பது வேலிப் பிரச்சினை. அதையும் இதையும் முடிச்சுப் போடாதீர்கள். எங்கள் யோசனை இதுதான். பணம் தனியார் பெயருக்குப் போகக்கூடாது. நிலையத்தின் வங்கிக் கணக்குக்கே போகவேண்டும். கூரை, திரை, வாங்கு, மலசலகூடம், கொப்பிகளுக்கு ஒரு இரும்பு அலுமாரி ஆகியவற்றுக்கு மேசன் எழுதித் தந்த மதிப்பீட்டை இணைத்திருக்கிறேன். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் வேலைக்கான அனுமதியை அக்கா எழுத்தில் எடுப்பார். பற்றுச்சீட்டு ஒவ்வொன்றின் படமும் இந்தக் குழுவுக்கு வரும், முதலில் உங்களுக்கு. பெரியம்மாவின் ஓய்வூதியச் சேமிப்பிலிருந்து ரொறன்ரோ அண்ணா முதல் பங்கைப் போட்டுவிட்டார். கொடையாளர் பெயர்ப்பலகை வேண்டாம். அதனால் விலக நினைப்பவர்கள் தாராளமாக விலகலாம்.

கடைசியாக, அவருடைய பிரசவக் கொப்பிகள். அவற்றைப் படமெடுத்து நினைவு மலரில் போடலாம் என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். முடியாது. அந்தக் கொப்பிகளின் அருமை இந்தக் குழுவுக்குத் தெரியும். இடப்பெயர்வில் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் எரிந்துபோனவர்களுக்கும், அகதி விண்ணப்பத்துக்கு அத்தாட்சி இல்லாமல் நின்றவர்களுக்கும் அவற்றைப் பார்த்துத்தான் கடிதம் எழுதிக் கொடுத்தார். சாதகம் பார்க்கச் சாத்திரியார் கேட்பார் என்று, தலை தெரிந்த நேரத்தையும் நிலத்தில் விழுந்த நேரத்தையும் தனித்தனியாகக் குறித்திருக்கிறார். ஆனால் வேறு குறிப்புகளும் அவற்றில் உண்டு. யாருக்கும் சொல்லாமல் அவரிடம் மட்டும் வந்த பெண்களின் பெயர்கள், இறந்து பிறந்த பிள்ளைகள், தகப்பன் பெயருக்கு நேரே விட்ட இடங்கள். உயிரோடு இருந்தவரை அவர் அவற்றைப் பூட்டி வைத்திருந்தார். இப்போது திறப்பு அண்ணியிடம். தன்னுடைய நேரமோ தன் பிள்ளையின் நேரமோ வேண்டியவர் அண்ணிக்குத் தனியாக எழுதினால் அந்த ஒரு வரியை மட்டும் பார்த்துச் சொல்வார். மற்றவர் வரியை யார் கேட்டாலும், தலைவரே கேட்டாலும், பதில் வராது.

பணம் பற்றிய பதில்களைக் குழுவுக்கே எழுதுங்கள். எனக்குத் தனியாகத் தொலைபேசி எடுக்கவேண்டாம்.

அன்புடன்,
லண்டனிலிருந்து மிஸ்ஸி அம்மாவின் பெறாமகள்