நினைவுச்சின்னம்: சிலையா, பெயர்ச்சுவரா?

வழிப்போக்கன்:
ஒரே விபத்தில் இறந்த 40 பேருக்கு நினைவுச்சின்னம் எழுப்ப வேண்டும். உயரமாகச் சிலை வேண்டும் என்கிறார்கள் சிலர், பெயர்கள் போதும் என்கிறார்கள் சிலர். எதை வைத்து முடிவு செய்வது?

கல்லெழுத்து:
அங்கே வந்து நிற்பவர் என்ன செய்யப்போகிறார் என்பதை வைத்துத்தான். கூட்டமாக நின்று மலர்வளையம் வைக்க, தூரத்திலிருந்தே தெரியும் ஒரு வடிவம் போதும். முதல் உலகப்போரில் இறந்தவர்களுக்கு லண்டனில் எழுப்பிய செனோடாஃப் நினைவுச்சின்னம் (1920) அப்படிப்பட்டது; இறந்த ஒருவர் பெயரும் அதில் இல்லை. மகனின் பெயரைத் தேடி வரும் தாய்க்கு அது எதையும் தராது. வாஷிங்டன் வியட்நாம் போர்ச் சுவரில் (1982) 58,000க்கு மேல் பெயர்கள், எழுத்தின் உயரமோ சுமார் 13 மி.மீ. கிட்டப் போய்த்தான் படிக்க முடியும், விரலால் தடவியும் பார்க்கலாம். மெருகேற்றிய கருங்கல்லில் படிப்பவர் முகமும் தெரியும். 40 பேருக்குச் சிலை என்றால் யார் முகத்தைச் செதுக்குவீர்கள்? பெயர்கள்தான் சரி.

வரிசையிலும் கவனம் வேண்டும். வியட்நாம் சுவரில் இறந்த தேதி வரிசை. உங்களுக்கு ஒரே நாள் என்பதால் அது உதவாது. நியூயார்க் செப்டம்பர் 11 நினைவிடத்தில், யார் பக்கத்தில் யார் பெயர் என்று குடும்பங்களிடம் கேட்டே 2,983 பெயர்களை அடுக்கினார்கள். அதைச் செய்யுங்கள்.

உளி:
வெட்டவெளியில் பளிங்கு வேண்டாம், அமில மழையில் எழுத்து மழுங்கிவிடும். கிரானைட் எடுங்கள். தமிழ் எழுத்துக்கு 13 மி.மீ. போதாது, ண, ன சுழிகளுக்கு நடுவே மிஞ்சும் கல் மெல்லிசாகி, வெட்டும்போதே தெறித்துவிடும். 30 மி.மீ.க்குக் குறைக்காதீர்கள். பெயின்ட்டை மட்டும் நம்பி மேலோட்டமாக வெட்டினால், பெயின்ட் உதிர்ந்ததும் பெயரும் போய்விடும். ஆழமாக, உள்ளே போகப் போகக் குறுகும்படி வெட்டினால் நிழலே எழுத்தைக் காட்டும். உளி வைக்கும் முன் முழு அளவில் காகிதத்தில் அச்சடித்து ஒவ்வொரு குடும்பத்திடமும் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் அது வேறொருவர் பெயர்.

அடித்தளம்:
கல் பலகைகளைப் பிணைக்கச் சாதா இரும்புக் கம்பி கூடவே கூடாது. துருப்பிடித்தால் பல மடங்கு பருத்துக் கல்லைப் பிளந்துவிடும். ஏதென்ஸின் பழங்காலப் பளிங்குக் கோயிலான பார்த்தினனில் பழைய கொத்தர்கள் இரும்புப் பட்டையைச் சுற்றி ஈயம் வார்த்திருந்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழுதுபார்த்தவர்கள் ஈயமில்லாமல் இரும்பு வைக்க, பளிங்கு வெடித்தது. இப்போது அதையெல்லாம் எடுத்துவிட்டு டைட்டானியம் பொருத்துகிறார்கள். உங்களுக்கு 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போதும். கல்லின் காலடியில் தண்ணீர் தேங்காதபடி வாட்டம் கொடுங்கள்.

வழிப்போக்கன்:
காயமடைந்தவர் பிறகு இறந்தால்? காணாமல் போனவரும் ஒருவர் இருக்கிறார்.

கல்லெழுத்து:
கடைசிப் பலகையில் நான்கைந்து வரி வெற்றாக விடுங்கள். காணாமல் போனவருக்கு வியட்நாம் சுவரில் பெயருக்குப் பக்கத்தில் சிலுவைக்குறி. இறப்பு உறுதியானால் அதன் மேலேயே வைரவடிவம் செதுக்கிவிடுவார்கள். கல்லைப் பெயர்க்கத் தேவையில்லை.